ஜானி வில்கின்சன்: 2003 உதைக்கு அப்புறம் வந்த பத்தரை ஆண்டுகள்

பத்தாம்எண்

இங்கிலாந்து ரக்பி என்றதும் பலருக்கும் ஒரே ஒரு உதைதான் ஞாபகம் வரும். 2003 நவம்பர் 22, சிட்னி, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் 17-17. கூடுதல் நேரம் முடிய அரை நிமிடம்கூட இல்லை. இடதுகால் ஆட்டக்காரரான ஜானி வில்கின்சன் வலது காலால் டிராப் கோல் அடிக்கிறார். 20-17. வட அரைக்கோளத்திலிருந்து அந்தக் கோப்பையை வென்ற ஒரே அணி இன்றுவரை இங்கிலாந்துதான்.

அன்றைக்கு அவருக்கு வயது 24. கடைசி ஆட்டத்தை ஆடியது 2014 மே 31, 35 வயதில். நடுவில் கிடக்கும் பத்தரை ஆண்டுகளை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. "அப்புறம் காயம் காயமாக வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்க்கை என்று பார்த்தால், வில்கின்சனின் பெரிய பகுதி அந்த உதைக்கு அப்புறம்தான் தொடங்குகிறது. உடம்பு சொன்னபடி கேட்கும்போது ஆடுவது ஒரு திறமை. உடம்பு மூன்று ஆண்டுகள் கைவிட்ட பிறகு திரும்பி வந்து, வேறொரு நாட்டில், பிரான்ஸின் டூலோன் கிளப்பில், வேறொரு மொழியில், இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளோடு முடிப்பது வேறு விஷயம்.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

முல்லைநிலம்

ரக்பியை நான் இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். வில்கின்சன் ஆடிய இடமான ஃப்ளை-ஹாஃபுக்கு உண்மையில் என்ன வேலை? வில்கின்சன் பற்றிப் படித்தால் எல்லாமே உதை, புள்ளி என்றுதான் வருகிறது. உதைப்பதற்காகவே அணியில் வைத்திருந்தார்களா?

பத்தாம்எண்

நல்ல கேள்வி. பத்தாம் எண் சட்டைதான் ஃப்ளை-ஹாஃப். முன்வரிசை ஆட்கள் முட்டிமோதிப் பந்தை எடுத்துத் தருவார்கள். ஒன்பதாம் எண்காரர் அதைக் கீழிருந்து எடுத்து இவருக்கு வீசுவார். பந்து கைக்கு வரும்போதே எதிரணியினர் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள். ஓடுவதா, பக்கத்தில் தள்ளுவதா, தூரமாக உதைத்து இடம் பிடிப்பதா என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுக்க வேண்டும். அணியின் போக்கே அவர் கையில்.

புள்ளிக் கணக்கு: ட்ரைக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றுவது) 5, அதன் பிறகான கன்வர்ஷன் உதைக்கு 2, பெனால்டி உதைக்கு 3, டிராப் கோலுக்கு 3. பெனால்டி உதையில் பந்தைத் தரையில் நிறுத்தி நிதானமாக அடிக்கலாம். டிராப் கோல் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் விழவிட்டு, அது எழும் நொடியில் அடிப்பது.

வெறும் உதைக்காரர் என்பதைத்தான் நான் மறுப்பேன். அவர் காலத்துக்கு முன் பத்தாம் எண்காரர்கள் பெரும்பாலும் டாக்கிள் வேலையிலிருந்து, அதாவது பந்தோடு ஓடிவருபவரைப் பிடித்துச் சாய்ப்பதிலிருந்து, ஒதுங்கி நிற்பார்கள். அந்த வேலைக்கு முன்வரிசைக் கூட்டத்தின் ஓரங்களில் ஆடும் ஃப்ளாங்கர்கள் இருக்கிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். வில்கின்சன் தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தேடிப்போய் இடித்தார். 2000-இல் பாரிஸில் பிரான்ஸின் எமில் நிதாமாக்கைப் பின்னோக்கித் தூக்கிச் சாய்த்தது இன்றும் வீடியோவில் கிடைக்கும். அதே ஆட்டத்தில் இங்கிலாந்து 15-9 என்று வென்றது. 15 புள்ளியும் அவர் காலிலிருந்து வந்தவை.

வடகடல்

தொடக்கத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன். அதைச் சொல்லாமல் "தொழில்முறை" என்ற சொல்லே நிற்காது.

ரக்பி யூனியனில் ஆடுவதற்குச் சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தது 1995 ஆகஸ்டில்தான். அதுவரை இங்கிலாந்துக்கு ஆடியவர்கள் வாரநாட்களில் போலீஸ், வழக்கறிஞர், விவசாயி. வில்கின்சன் பள்ளி முடித்தது 1997-இல். டரம் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு நேரே நியூகாசில் ஃபால்கன்ஸுக்குப் போனார். ரக்பியைத் தவிர வேறு வேலையே செய்யாத முதல் தலைமுறை ஆள் அவர். அவரைப் பள்ளியில் பயிற்றுவித்த ஸ்டீவ் பேட்ஸும் முன்னாள் இங்கிலாந்து ஆட்டக்காரர்தான், நியூகாசிலோடு தொடர்புடையவர். அங்கே நிர்வாகத்தில் இருந்தவர் ராப் ஆண்ட்ரூ, முந்தைய தலைமுறையின் பத்தாம் எண். அதாவது தான் யாருடைய இடத்துக்கு வரப்போகிறாரோ அவரிடமே பாடம் படித்தார். முதல் பருவத்திலேயே, 1997-98-இல், கிளப் லீக் பட்டத்தை வென்றது.

1998 ஏப்ரலில் ட்விக்கன்ஹாமில் அயர்லாந்துக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கும்போது வயது 18. இரண்டே மாதத்தில் பிரிஸ்பேன். முக்கியமான ஆட்டக்காரர்கள் பலர் வராத நிலையில் போன இங்கிலாந்து அணி, ஆஸ்திரேலியாவிடம் 76-0 என்று தோற்றது. அன்று பத்தாம் எண் சட்டையோடு தொடங்கியவர் இந்தப் பையன். பள்ளியை விட்டு வெளியே வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிற்காலத்தில் அவர் பயிற்சித் திடலே கதி என்று கிடந்ததற்கான வேர் அந்த ஆட்டத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கறுப்புச்சட்டை

நான் நியூசிலாந்து ரசிகன், அதனால் மாற்றுக் கருத்தோடுதான் வருகிறேன்.

வில்கின்சன் பெரிய ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் எண் என்றால் டான் கார்ட்டர்தான். 2005-இல் லயன்ஸ் அணி (பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்களின் கூட்டணி) நியூசிலாந்து வந்தபோது வெலிங்டனில் நடந்த இரண்டாவது டெஸ்டைப் பாருங்கள். 48-18, கார்ட்டர் மட்டும் 33 புள்ளி. எதிரே இருந்தவர் வில்கின்சன், அந்த ஆட்டத்திலேயே தோளில் அடிபட்டு வெளியேறினார். சர்வதேசப் புள்ளிகளிலும் கார்ட்டர் 1598, வில்கின்சன் லயன்ஸையும் சேர்த்து 1246.

அதோடு, 2003-க்கு அப்புறமான காலத்தைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். அந்த மூன்று ஆண்டுகள் அவர் இங்கிலாந்துக்கு ஆடவே இல்லையே? ஆடாத காலத்தை வைத்து எப்படி ஒருவரை மதிப்பிடுவது?

வடகடல்

கார்ட்டர் பற்றிச் சொன்னது நியாயம். ஓட்டம், கைவீச்சு, இடைவெளியைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றிலும் கார்ட்டர் ஒரு படி மேலேதான்.

ஆனால் 2005-ஐ மட்டும் எடுத்துக்கொள்வது சரியாகாது. அதே வெலிங்டனில் 2003 ஜூனில் என்ன நடந்தது? இங்கிலாந்து 15, நியூசிலாந்து 13. நீல் பேக்கும் லாரன்ஸ் டலாலியோவும் மஞ்சள் அட்டை வாங்கி வெளியே உட்கார்ந்திருக்க, இரு அணியின் முன்வரிசை ஆட்களும் கோத்து நின்று தள்ளும் ஸ்க்ரமில் ஆறே பேர் நின்று கோல் கோட்டைக் காத்தார்கள். 15 புள்ளியும் வில்கின்சன். அடுத்த வாரம் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவை 25-14. மார்ச்சில் டப்ளினில் அயர்லாந்தை 42-6 என்று அடித்து கிராண்ட் ஸ்லாம், அதாவது ஆறு நாடுகள் தொடரில் எல்லா ஆட்டத்திலும் வெற்றி. உலகக் கோப்பை அரையிறுதியில் மழையில் பிரான்ஸை 24-7, இங்கிலாந்தின் 24-உம் அவருடையது. அந்த ஆண்டின் உலகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு வந்ததில் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை.

இன்னொன்று. அந்தக் கடைசி டிராப் கோல் அவர் ஒருவருடையது அல்ல. ஸ்டீவ் தாம்சன் லைன்அவுட்டில் (வெளியே போன பந்தைப் பக்கக் கோட்டிலிருந்து இரு வரிசைகளுக்கு நடுவே எறிவது) கடைசியில் நின்ற லூயிஸ் மூடிக்குப் பந்தை எறிந்தார். கொஞ்சம் தவறினாலும் பந்து ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கும். ஒன்பதாம் எண் மாட் டாசன் இடைவெளி பார்த்து உள்ளே ஓடினார், ஆனால் அவரே கீழே மாட்டிக்கொண்டார். பந்தை வீச வேண்டியவர் அவர்தான். அதனால் கேப்டன் மார்ட்டின் ஜான்சன் இன்னொரு முறை பந்தை வாங்கி முட்டினார், டாசன் எழுந்து வர நேரம் கிடைக்கட்டும் என்று. யாரும் சொல்லிக்கொடுக்காமல் எடுத்த முடிவு அது. அப்புறம்தான் டாசன் வீச, வில்கின்சன் அடித்தார். அதே ஆட்டத்தில் அதற்கு முன் அவர் முயன்ற டிராப் கோல்கள் எதுவும் உள்ளே போகவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தசைநார்

நான் பிசியோதெரபி துறையில் இருக்கிறேன். காயங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் "காயம் வந்தது" என்று சொல்லிக் கடந்துபோவதில் எனக்கும் வருத்தம் உண்டு.

உலகக் கோப்பை முடிந்து ஐந்து வாரம்தான். 2003 டிசம்பர் கடைசியில் நியூகாசிலுக்கு ஆடும்போது கழுத்து, தோள் பக்கம் அடி. 2004-இல் கழுத்தில் அறுவை சிகிச்சை. அந்த அக்டோபரில் இங்கிலாந்து கேப்டனாக அறிவித்தார்கள். இறங்குவதற்குள் மேல்கையில் ரத்தம் கட்டிக்கொண்டது, ஜேசன் ராபின்சன் தலைமையேற்றார். 2005-இல் முழங்கால், பிறகு லயன்ஸ் பயணத்தில் தோள், அப்புறம் குடல்வால், இடுப்பில் குடலிறக்கம். 2006 நவம்பரில் சிறுநீரகத்தில் கிழிசல். 2008-இல் முழங்கால் மூட்டு விலகல்.

இதில் குடல்வாலுக்கும் ரக்பிக்கும் சம்பந்தமில்லை. மற்றவை பெரும்பாலும் மோதலில் வந்தவை. மேலே பத்தாம்எண் பெருமையாகச் சொன்ன அந்த டாக்கிள் பாணிதான் காரணங்களில் முக்கியமானது. ஏறக்குறைய 90 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு 110, 120 கிலோ ஆட்களைத் தோளால் நேருக்கு நேர் நிறுத்தினால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள்தான் முதலில் பதில் சொல்லும்.

இதில் மனம் சம்பந்தப்பட்ட பகுதியும் உண்டு. தோல்வி பயம், பதற்றம், எல்லாம் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்ற வெறி தன்னை எப்படிப் பிடித்து ஆட்டியது என்று அவரே பல முறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கோப்பையை வென்ற மறுநாளே மனம் வெறுமையானது என்றும் சொல்லியிருக்கிறார். மனத்துக்குச் சரியாகப் படும்வரை திடலைவிட்டு வராமல் மணிக்கணக்கில் உதைத்துக்கொண்டே இருப்பார். நாம் அதை உழைப்பு என்று கொண்டாடுகிறோம். காயத்திலிருந்து மீளும் ஒருவருக்கு ஓய்வும் ஒரு பயிற்சி. அதை அவருக்கு அந்த வயதில் யாராவது பிடிவாதமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இதோடு ஸ்டீவ் தாம்சனையும் மறக்கக் கூடாது. சிட்னியில் அந்தப் பந்தை எறிந்த அதே மனிதர். 2020-இல், 42 வயதில், அவருக்கு இளவயது மறதிநோய் என்று உறுதியானது. அந்த இறுதி ஆட்டத்தில் ஆடியதே நினைவில்லை என்று சொன்னார். அவரும் வேறு பல முன்னாள் ஆட்டக்காரர்களும் ரக்பி அமைப்புகள்மீது வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். தொழில்முறையின் முதல் தலைமுறை என்று வடகடல் சொன்னாரே, அந்தத் தலைமுறைதான் இந்த விலையையும் கொடுக்கிறது. தினமும் முழுநேரப் பயிற்சி, தினமும் மோதல். தலையில் அடிபட்டவரை ஆட்டத்தின் நடுவே வெளியே எடுத்துச் சோதிக்கும் இன்றைய நடைமுறை அப்போது இல்லை.

பத்தாம்எண்

தசைநார், இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். டாக்கிள் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் அந்தத் துணிச்சலை என்னால் மதிக்காமல் இருக்க முடியாது. இரண்டும் சேர்ந்தேதான் மனத்தில் இருக்கிறது.

கறுப்புச்சட்டை கேட்டதற்கு வருகிறேன். ஆடாத காலத்தை வைத்து மதிப்பிடவில்லை, திரும்பி வந்த விதத்தை வைத்து மதிப்பிடுகிறேன். சிட்னிக்கும் அவர் மறுபடி இங்கிலாந்துச் சட்டை போட்டதற்கும் நடுவே 1,169 நாட்கள். 2007 பிப்ரவரி 3, ட்விக்கன்ஹாம், ஸ்காட்லாந்துக்கு எதிராக. ஒரு ட்ரை, இரண்டு கன்வர்ஷன், ஐந்து பெனால்டி, ஒரு டிராப் கோல். மொத்தம் 27 புள்ளி. இங்கிலாந்து 42-20. கிளப்பில்கூட அதிகம் ஆடாமல் நேரே அந்த அரங்கில் இறங்கிய ஆள் செய்தது இது.

அன்று ஆடியது கல்கத்தா கோப்பைக்காக. நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு தகவல்: கல்கத்தாவில் இருந்த ரக்பி கிளப் 1870-களில் கலைந்தபோது வங்கிக் கணக்கில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை அது. கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடியின் மேல் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அதற்காகத்தான் ஆடுகின்றன.

சிவப்புகறுப்பு

டூலோனைப் பற்றி ஒரே வரிதான் வந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன். அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

12 ஆண்டுகள் நியூகாசிலில் இருந்துவிட்டு 2009-இல் பிரான்ஸின் தென்கரைக்குப் போனார். அப்போது பலரும் அதை ஓய்வுக்கு முந்தைய வசூல் என்றே நினைத்தார்கள். டூலோன் முதல் பிரிவுக்கு ஏறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தலைவர் மூராத் பூஜெலால் உலகம் முழுவதிலிருந்தும் பெரிய பெயர்களை வாங்கிக்கொண்டிருந்தார். துறைமுக ஊர், ரக்பிதான் உயிர். மாயோல் அரங்கு ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் மொத்தக் கூட்டமும் பிலூ-பிலூ என்று முழங்கும்.

அங்கே போய் அவர் பிரெஞ்சு படித்தார், பத்திரிகையாளர்களிடம் பிரெஞ்சிலேயே பேசினார். ஆட்டமும் மாறியது. காயங்கள் குறைந்தன. 2010-இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைத் தொடரான சாலஞ்ச் கோப்பை இறுதியில் கார்டிஃபிடம் தோல்வி. 2012-இல் லீக் இறுதியில் துலூஸிடம் தோல்வி. அதோடு விட்டிருந்தால் "வசூல்" என்றவர்கள் சொன்னது நின்றிருக்கும். 2013 மே மாதம் டப்ளினில் ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைத் தொடரான ஹைனகன் கோப்பை இறுதி, டூலோன் 16, கிளெர்மோன் 15. டெலோன் ஆர்மிடேஜின் ட்ரையைத் தவிர மற்ற 11 புள்ளியும் கேப்டன் வில்கின்சன். அந்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். இரண்டே வாரத்தில் லீக் இறுதியில் காஸ்த்ரிடம் தோற்றார்கள்.

அடுத்த வருடம் கார்டிஃபில் சாரசென்ஸை 23-6 என்று வென்று மறுபடியும் ஐரோப்பியக் கோப்பை. அதற்கடுத்த வாரம் பாரிஸில் அதே காஸ்த்ர், லீக் இறுதி. 18-10, அதில் 15 புள்ளி அவருடையது. டூலோனுக்கு 1992-க்குப் பிறகு கிடைத்த முதல் லீக் பட்டம். அவருக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

பத்தாம்எண் சொன்னதோடு நான் முழுக்க உடன்படுகிறேன். சிட்னியில் அவர் மகிழ்ச்சியாக இருந்தாரா என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது. டூலோன் வீடியோக்களில் தெரிகிறது.

கறுப்புச்சட்டை

டூலோன் பகுதிக்கு நன்றி. இவ்வளவு விவரமாக எனக்குத் தெரியாது. கிளப் அளவில் அவர் முடித்த விதம் அபாரம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இங்கிலாந்துச் சட்டையில் முடிந்த விதத்தையும் சொல்லுங்கள். 2011 உலகக் கோப்பை எங்கள் ஊரில் நடந்தது. அவருடைய உதைகள் சரியாகவே போகவில்லை. ருமேனியா ஆட்டத்தில் கன்வர்ஷனுக்கு விதியை மீறிப் பந்தை மாற்றியதற்காக உதைப் பயிற்சியாளர் டேவ் ஆல்ரெட் உள்பட இருவரை இங்கிலாந்து நிர்வாகமே அடுத்த ஆட்டத்துக்கு விலக்கி வைத்தது. காலிறுதியில் பிரான்ஸிடம் 19-12 தோல்வி. அதுதான் இங்கிலாந்துக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம்.

வடகடல்

2011-ஐ யாரும் நல்ல தொடர் என்று சொல்லமாட்டார்கள். டிசம்பரில் சர்வதேச ஓய்வை அறிவித்தார். இங்கிலாந்துக்கு 91 ஆட்டம், 1179 புள்ளி. உலகக் கோப்பைகளில் மட்டும் 277, அந்தச் சாதனை இன்னும் அவர் பெயரில்தான்.

ஆனால் இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுபவர்களை விதிவிலக்கான சூழலில் தவிரத் தேர்ந்தெடுப்பதில்லை என்று இங்கிலாந்து வாரியம் முடிவெடுத்தது அந்த உலகக் கோப்பைக்குப் பிறகு நடைமுறைக்கு வந்தது. டூலோனில் அவரோடு ஆடிய ஸ்டெஃபன் ஆர்மிடேஜ் 2014-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர். அவரையே 2015 உலகக் கோப்பைக்கு எடுக்கவில்லை. இங்கிலாந்துக் கிளப்புகளைக் காப்பாற்றத்தான் இந்த விதி என்கிறார்கள். 2022-23-இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் மூன்றும் ஒரே பருவத்தில் பணமில்லாமல் விழுந்தன. விதி எதைக் காப்பாற்றியது? சம்பளத்துக்காக ஆடும் ஒருவர் நல்ல சம்பளமும் நல்ல அணியும் கிடைக்கும் இடத்துக்குப் போவதைத் தண்டிப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

முல்லைநிலம்

இவ்வளவு படித்த பிறகு ஒரு முழு ஆட்டத்தையாவது பார்க்க வேண்டும் போலிருக்கிறது. 2003 இறுதியைத் தவிர எதைப் பார்க்கலாம்?

பத்தாம்எண்

2007 உலகக் கோப்பைக் காலிறுதி, மார்செய், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. குழு ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவிடம் 36-0 என்று தோற்று, எல்லோரும் கைகழுவிவிட்ட இங்கிலாந்து அணி அது. வில்கின்சன் கணுக்கால் அடியால் அந்த ஆட்டத்தில் இல்லை. காலிறுதியில் 12-10. 12-உம் அவர்தான், நான்கு பெனால்டி. மூன்று பெனால்டிகளைத் தவறவும் விட்டார், அதையும் பாருங்கள். தவறவிட்ட பிறகு அடுத்ததற்கு எப்படி நிற்கிறார் என்பதில்தான் அவருடைய ஆட்டம் இருக்கிறது.

அவரை மட்டும் பார்க்காமல் ஸ்க்ரமில் ஆண்ட்ரூ ஷெரிடனையும் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவின் முன்வரிசையை அவர் நசுக்கிய விதத்தால்தான் அந்த வெற்றி. கடைசி நிமிடங்களில் ஸ்டெர்லிங் மார்ட்லாக்கின் தொலைதூரப் பெனால்டி ஒன்று வரும், முடிவு தெரிந்திருந்தாலும் பதற வைக்கும். அரையிறுதியில் பிரான்ஸை 14-9 என்று வென்றார்கள். இறுதியில் அதே தென்னாப்பிரிக்காவிடம் 15-6 தோல்வி. மார்க் குவெட்டோவின் கால் கோட்டைத் தொட்டது என்று மறுக்கப்பட்ட அந்த ட்ரை பற்றி வாதாட விரும்புபவர்கள் தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் வருகிறேன்.

சிவப்புகறுப்பு

அதோடு 2014 கார்டிஃப் இறுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலும் வலது காலால் ஒரு டிராப் கோல் இருக்கிறது.